இனியாவுக்கு ஊசி போட்ட புதன்கிழமை

மைனாவதியோட கொழந்த மொதமொதல்ல முகம் பாத்துச் சிரிச்ச அன்னிக்கு, எங்க லைன் வீட்டுக்காரங்க அத்தன பேரும் அதே நிமிசத்துல சிரிச்சோம். அதுல வந்த வில்லங்கம் என்னன்னா, நாங்க பாதிப் பேரு அந்நேரம் எழவு வீட்டுல உக்காந்திருந்தோம்.

செத்தது பக்கத்து ஊருத் தீவன மில்லுக்காரரோட அப்பா. நல்லா வாழ்ந்து முடிச்ச மனுசன்தான், ஆனாலும் எழவு எழவுதானுங்களே. நான் மாரடிச்சு அழுதுட்டிருக்கறேன், பக்கத்துல பழனாத்தா மூக்கச் சிந்திட்டிருக்கறா, வாசல்ல நாச்சிமுத்து மேஸ்திரி துண்டக் கக்கத்துல இடுக்கிட்டு நிக்கறாரு. திடீர்னு வவுத்துக்குள்ள வெதுவெதுன்னு என்னமோ கெளம்பி, நெஞ்சுக்கு ஏறி, கன்னம் ரெண்டையும் தள்ளிட்டு, வாயி காது வரைக்கும் போயிருச்சு. அடக்கிப் பாத்தேன், முடியல. நிமிந்து பாத்தா பழனாத்தாளும் சிரிக்கறா, மேஸ்திரியும் சிரிக்கறாரு, பாடைக்கு மூங்கில் வெட்டிட்டிருந்த சென்னியப்பன் அருவாளக் கையில வெச்சுக்கிட்டு ஈன்னு சிரிக்கறான். அதும் எப்படிச் சிரிப்புங்கறீங்க! பல்லு மொளைக்காத வாயில சிரிக்கற சிரிப்பு, எதுக்குன்னே இல்லாத சிரிப்பு. மில்லுக்காரரு வீட்டம்மா எங்களப் பாத்த பார்வையில, எந்திரிச்சு வந்தாப் போதும்னு ஆயிருச்சு.

மானங்கெட்டுப் போயித் திரும்பி வந்தா, வாசப்படியில மைனாவதி கொழந்தய மடியில போட்டுட்டு உக்காந்திருக்கறா, மொகமெல்லாம் பூரிப்பு. "சாமாத்தாக்கா, பாப்பா இப்பத்தான் என்ற மொகத்தப் பாத்துச் சிரிச்சா"ன்னா. நாங்க ஒருத்தர ஒருத்தரு பாத்துக்கிட்டோம். ஓகோ, இதுதான் சங்கதியான்னு புரிஞ்சு போச்சு. இது எப்படி நடக்கும்னு ஒருத்தரும் கேக்கல; யாரு போயி மில்லு வீட்டுல மன்னிப்புக் கேக்கறதுன்னுதான் எங்களுக்குள்ள சண்டை.

எங்க ஊரு செம்மாம்பாளையம், நாமக்கல்லுக்குப் பக்கம். ஊருன்னா பெரிய ஊரில்லைங்க, ஒரு கோழிப்பண்ணை, அதுக்கு எதுக்க வேலைக்காரங்க இருக்கற லைன் வீடு, ஒரு மாரியம்மன் கோயிலு, ஒரு பால்வாடி, அவ்வளவுதான். வெடிஞ்சா முட்டை பொறுக்கறது, தரம் பிரிக்கறது, அட்டையில அடுக்கறது, அடுக்குனத கேரளா லாரியில ஏத்தறது. மைனாவதி பொறந்த வீட்டுல இருந்து கொழந்தயத் தூக்கிட்டு வந்ததுல இருந்து எங்களுக்கு அதுதான் பொழுதுபோக்கு. யாரா இருந்தாலும் வேலை விட்டு வந்ததும் கையக் கழுவிட்டு, "கொழந்தயச் சித்தெ குடு"ன்னு வாங்கி, மூஞ்சிக்கு நேராத் தூக்கிப் புடிச்சு, "ங்கா சொல்லு, எங்க, ங்கா சொல்லு"ன்னு கெஞ்சிட்டுத்தான் அந்தப் பக்கம் போவாங்க. பெத்தவகிட்டக் கேக்கறதெல்லாம் பேருக்குத்தான். கேக்கறதுக்கு முன்னாடியே கொழந்த நம்ம இடுப்புல இருக்கும். எங்க வழக்கம் அது. அப்படி எங்க மூஞ்சிகளையெல்லாம் உத்து உத்துப் பாத்து அது என்னத்தப் புடிச்சு எங்க முடிஞ்சு வெச்சுக்கிச்சோ, அன்னில இருந்து அந்தக் கொழந்த என்ன செஞ்சுதோ அத நாங்க செஞ்சோம், அதுக்கு உள்ளுக்குள்ள என்ன தோணுச்சோ அது எங்களுக்கும் தோணுச்சு.

அது கொட்டாவி விட்டா லைன் வீடே கொட்டாவி விட்டுச்சு, அது கைய மூடித் தொறந்தா சோத்துல கைய வெச்சிருந்தவங்க சோத்தப் பெசைஞ்சாங்க, அது கால ஒதைச்சா சைக்கிள்ல போனவங்க ரெண்டு மிதி சேத்து மிதிச்சாங்க, அது குப்புற விழுந்த அன்னிக்குக் கட்டில்ல படுத்திருந்தவங்க அத்தன பேரும் தொப்புத் தொப்புன்னு கீழ விழுந்து, முட்டியத் தேச்சுக்கிட்டே எந்திரிச்சு வந்து அதுக்குக் கொழுக்கட்டை புடிச்சோம். அது பால் குடிச்சு முடிச்சா எங்களுக்கு வவுறு நெறைஞ்சு கண்ணு சொருகுச்சு. எனக்கும் பழனாத்தாளுக்கும் தண்ணிக் கொழாயில பல வருசத்துப் பகை; ஒருநா ரெண்டு பேரும் கொடத்த ஓங்கிட்டு நிக்கறோம், அந்நேரம் பாத்து மைனாவதி கொழந்தைக்குப் பால் குடுத்துட்டா. கொடத்தக் கீழ வெச்சுட்டு, ரெண்டு பேரும் கொழாய்த் திண்டுல ஒருத்தி மேல ஒருத்தி சாஞ்சு உக்காந்துட்டோம். அப்பறம் அந்தச் சண்டைய எங்க விட்டோம்னு ரெண்டு பேத்துக்குமே ஞாபகமில்ல, இப்ப ஞாபகம் வந்தாலும் நான் சொல்ல மாட்டேன்.

தூரமெல்லாம் அதுக்கு ஒரு கணக்கே இல்ல. கொழந்தய வந்து கொஞ்சிட்டுப் போன மைனாவதியோட நாத்தனா ஈரோட்டுல ஜவுளிக்கடையில நிக்கறா. சேலைய விரிச்சுக் காட்டிட்டிருந்தவ, வந்தவங்க முன்னால கட்ட வெரல வாயில வெச்சுச் சப்பிட்டாளாம், போன் போட்டு ஒரு பாட்டம் அழுதா. அப்பன்காரன் செங்கோடன் லாரி டிரைவரு. பாலக்காட்டுப் பக்கம் வண்டி ஓட்டிட்டிருக்கறப்ப இங்க கொழந்தைக்குத் தூக்கம் வந்துருச்சு. வண்டி வயக்காட்டுல எறங்கிச் சேத்துல நின்னுது, ஆளு பொழைச்சான். வந்ததும் லாரிச் சாவியக் குடுத்துட்டுப் பண்ணையில கோழிக்குத் தீவனம் போடப் போயிட்டான்.

இதெல்லாம் தமாசு. தமாசில்லாததும் ஒண்ணு வந்துச்சு. கொழந்தைக திடுக்குன்னா ரெண்டு கையையும் விரிச்சு வீசும், பாத்திருப்பீங்க. ஒரு சாயங்காலம் நாங்க லோடு ஏத்திட்டிருக்கறோம், கைக்குக் கை அட்டை மாறிட்டிருக்குது, டமால்னு ஒரு இடி. தொட்டில்ல கொழந்த கைய வீசுச்சு. எங்க அத்தன கையும் ஒரேமுட்டா விரிஞ்சுது. தரையெல்லாம் மஞ்சளும் வெள்ளையுமா ஓடுச்சுங்க. அத விடுங்க, முட்டை போனா நாளைக்குக் கோழி போடும். லாரி மேல நின்னு அடுக்கிட்டிருந்த சென்னியப்பன் புடி விட்டுப்போயி அம்புட்டு ஒசரத்துல இருந்து கீழ விழுந்தான். தோள்பட்டை எலும்பு ஒடைஞ்சுது. தலை கல்லுல பட்டிருந்தா ஆளே இல்ல. பண்ணைக்காரரு வந்தாரு. அவரு எந்தக் கொழந்த மூஞ்சியையும் ஏறெடுத்துப் பாக்காத மனுசன், அதனால அவருக்கு ஒண்ணும் ஆகறதில்ல. "இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா மொத்தப் பேத்தையும் தாட்டி விட்டுட்டு வடக்க இருந்து ஆளு எறக்கிப் போடுவேன், பாத்துக்கங்க"ன்னு சொல்லிட்டுக் காருல ஏறிப் போயிட்டாரு.

அன்னில இருந்து அந்தக் கொழந்தய அழுவாமயும் திடுக்கிடாமயும் பாத்துக்கறது லைன் வீட்டு வேலையாப் போச்சு. முன்னால நின்னது நாச்சிமுத்து மேஸ்திரி. லோடு ஏத்தறதுல அவரு வெச்சதுதான் சட்டம். விழுந்த சென்னியப்பன் அவருக்கு ஒரே தங்கச்சி பெத்த ஒரே மகன். வாயத் தொறந்தா அதட்டலுதான், ஆனா தொட்டில் கிட்டப் போறப்ப பூனையாட்டம் நடப்பாரு. அவரு சொல்லி குக்கருக்கு விசில் போடறத நிறுத்துனோம், கோயில் மணி நாக்குல துணியச் சுத்துனோம், நோம்பிக்கு வேட்டும் இல்ல, கொட்டும் இல்ல, மாரியாத்தா சத்தமில்லாம வீதி சுத்திட்டு வந்து உக்காந்துக்கிட்டா. கொழந்தைக்கு லேசாப் பசி கிள்ளுனா எங்க வவுத்துலயும் கிள்ளும், "ஏ மைனா, பாலக் குடு, பாலக் குடு"ன்னு நாலு பக்கம் இருந்தும் கத்துவோம். அது ஒதடு பிதுங்குனாப் போதும், யாராச்சும் ஓடிப்போயி கிலுகிலுப்பைய ஆட்டி, சாவிக்கொத்த ஆட்டி, கெடைக்காட்டி ஒரு கோழியப் புடிச்சாவது ஆட்டி, அந்த அழுகைய வாயிலயே அமுக்கிப் போடுவோம். அழுவாத புள்ளைன்னு எங்களுக்குப் பெருமை வேற! அதோட சிரிப்பு வேணும், தூக்கம் வேணும், பால் குடிச்ச சொகம் வேணும், அழுகை மட்டும் எங்களுக்கு ஆகாது.

இந்த நேரத்துலதான் ஊசி குறுக்க வந்துச்சு.

ஜெயசுதா நர்சம்மா புதன்கிழமை புதன்கிழமை பால்வாடிக்கு வந்து கொழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவாங்க. இனியாவுக்கு, கொழந்த பேரு அதுதானுங்க, மொத ஊசி சிரிக்கறதுக்கு முன்னாடியே போட்டாச்சு. ரெண்டாவது ஊசி வந்தப்ப மேஸ்திரி மைனாவதியக் கூப்புட்டு, "அம்மிணி, லோடு இப்ப வழக்கத்த விட எச்சாப் போயிட்டிருக்குது. குத்துனா அழுவா. அடுத்த புதன்கிழம பாத்துக்கலாம்"னாரு.

"சரிங் மாமா"ன்னுட்டா.

அடுத்த புதன்கிழம மைனாவதி கொழந்தயக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு வெச்சுட்டு, முந்தானைய மாத்திட்டுத் திரும்பறா, கொழந்தயக் காணோம். பழனாத்தா தூக்கிட்டுப் போயிட்டா. பழனாத்தா வீட்டுல கேட்டா, இப்பத்தான் சரசு வாங்கிட்டுப் போனாங்கறா. சரசு கிட்டப் போனா, மேஸ்திரி கோயிலுக்குத் தூக்கிட்டுப் போனாருங்கறா. கைக்குக் கை, அட்டை மாத்தறாப்பல மாத்தி, நர்சம்மா வண்டியக் கெளப்பிட்டுப் போன பொறகு கொழந்த சிரிச்சுக்கிட்டு வீடு வந்து சேந்துச்சு. அதுக்கடுத்த புதன்கிழமையும் அதே கதை. அதுக்கடுத்ததும், இப்படியே மாசக்கணக்கா. யாரும் வேண்டாம்னு சொல்லல பாருங்க! கொஞ்சறதுக்குத்தான் தூக்குனோம், எங்கள யாரு கேக்க முடியும்? நானுந்தான் ஒருக்கா தூக்கிட்டுச் சோளக்காட்டுப் பக்கம் போயி நின்னேன். கொழந்த தலை நின்னு, குப்புற விழுந்து, உக்காரவே ஆரம்பிச்சிருச்சு, ஊசி மட்டும் போடல.

அப்பத்தான் பக்கத்து ஊருல ஒரு கைக்கொழந்தைக்குக் கக்குவான் இருமல் வந்துருச்சுன்னு சேதி வந்துச்சு. இருமி இருமி மூஞ்சி நீலம் பாரிச்சுப் போயி பெரியாசுபத்திரியில கெடக்குதாம். அந்த இருமலுக்குந்தான் இந்த ஊசி. மைனாவதி அதக் கேட்டதும் அடுப்ப அணைச்சுட்டு வந்து வாசல்ல நின்னா. புருசங்காரன் செங்கோடன், "லாரிப் பக்கம் கொஞ்சம் லோடு கொறையட்டும் மைனா, அடுத்த வாரம்..."னு இழுத்தான்.

"எந்த அடுத்த வாரம்? உனக்குப் புள்ள வேணுமா, லோடு வேணுமா, அத மட்டும் சொல்லு"ன்னா.

மைனாவதி சத்தம் போட்டு நான் அதுக்கு முன்ன கேட்டதில்லீங்க. இருக்கற எடமே தெரியாத பொண்ணு அவ.

அந்தப் புதன்கிழம வெடியால இருந்து கொழந்த அவ மார்ல இருந்து எறங்கவே இல்ல. பழைய சேலையில குறுக்க நெடுக்கக் கட்டி, முடிச்ச முதுகுக்குப் பின்னால போட்டிருந்தா. பழனாத்தா போயி, "கொழந்தயச் சித்தெ குடு"ன்னு கைய நீட்டுனா. "இல்லீங்க்கா"ன்னுட்டா. சரசு போனா, அவளுக்கும் இல்ல. நான் போனேன். மூஞ்சிய நேராப் பாத்து, "உங்களுக்கும் இல்லீங்க்கா"ன்னா. எங்க லைன் வீட்டுல கொழந்தயக் கேட்டு ஒருத்தி இல்லைங்கறத அன்னிக்குத்தான் மொத தடவையாப் பாத்தோம். கன்னத்துல அறைஞ்சாப்பல பொக்குன்னு போச்சு எனக்கு.

பத்து மணி வாக்குல நாங்க லோடு ஏத்திட்டிருக்கறோம். அன்னிக்குன்னு பாத்து லாரி காலம்பரவே வந்து நிக்குது. மைனாவதி நர்சம்மாளப் பால்வாடியில இருந்து கையோட கூட்டிட்டு நேரா முட்டை ரூமுக்கே வந்துட்டா. வந்தவ, ரூமுக்கும் லாரிக்கும் நடுவால நாங்க அட்டை மாத்தற வழியிலயே சம்மணம் போட்டு உக்காந்தா. நர்சம்மா பக்கத்துல ஐஸ் பெட்டிய வெச்சாங்க.

"எல்லாரும் முட்டையக் கீழ வெச்சிருங்க"ன்னா மைனாவதி.

ஒருத்தரும் வெக்கல. மேஸ்திரி லாரியில இருந்து எறங்கி வந்தாரு. "என்ன அம்மிணி இது அக்கப்போரு? எந்திரி. லாரி நிக்குதல்ல?"

"நிக்கட்டுங் மாமா. லாரி போவோணும்னா ஊசி போடோணும். ஊசி போடாம நான் இங்கிருந்து நவுரப் போறதில்ல."

"உன்ற ஒரு புள்ளைக்காக இத்தன குடும்பம் வேல போயித் தெருவுல நிக்கறதா?"

"என்ற ஒரு புள்ளைக்காகத்தானுங் மாமா. வேற எதுக்குன்னு நெனச்சீங்க?" அவ கண்ண எறக்கல. "இத்தன மாசம் அவ சிரிக்கறத எல்லாரும் பங்கு போட்டுக்கிட்டீங்க. நான் ஒரு நாளும் எண்ணிப் பாக்கல. அவளுக்குக் கக்குவான் வந்து நெஞ்சடைச்சா அதையும் பங்கு போட்டுக்குவீங்களா? சொல்லுங்க. போட்டுக்குவீங்கன்னா நான் இப்பவே எந்திரிச்சுப் போறேன்."

எலும்பு இன்னும் சரியாக் கூடாம கையத் தூளி கட்டித் தொங்கப் போட்டுட்டு ஓரமா நின்ன சென்னியப்பன்தான் வாயத் தொறந்தான். "போட்டு உடு மைனா. விழுந்தவன் நானு, நானே சொல்றேன். இவிய முட்டையக் கீழ வெப்பாங்க."

நான் அட்டையக் கீழ வெச்சேன். பொறகு பழனாத்தா, சரசு, செங்கோடன்னு ஒவ்வொருத்தரா வெச்சு, எல்லாரும் அங்கங்கயே தரையில உக்காந்தோம். கடேசியா மேஸ்திரியும் உக்காந்தாரு. உக்காந்தவரு எங்க பக்கம் திரும்பி மெல்ல, "எல்லாரும் அது மூஞ்சியப் பாத்துச் சிரிச்சுட்டே இருங்க. நாம சிரிச்சா அது அழுவாது. தப்பிச்சுக்கலாம்"னாரு. அது மைனாவதி காதுலயும் விழுந்துச்சு. அவ கொழந்த தொடையில இருந்து துணிய ஒதுக்குனா.

நர்சம்மா ஊசிய எடுத்தாங்க. "ஏனுங், உங்களுக்கு ஒண்ணும் ஆவாதுங்களா?"ன்னு செங்கோடன் கேட்டான்.

"நான் கொழந்தைக மூஞ்சியவே பாக்கறதில்லப்பா. தொடைய மட்டுந்தான் பாப்பேன். மூஞ்சியப் பாத்தா எனக்குக் குத்த வராது"ன்னு சொல்லிக்கிட்டே குத்திட்டாங்க.

எடது தொடையில சுரீர்னு ஏறுச்சுங்க. ஆனா அழுகை வரல. ஏன்னா இனியா அழுவல. அது பாத்துச்சு. இது என்னதுன்னு, இதுக்கு என்ன பண்ணோணும்னு, எங்க ஒவ்வொருத்தர் மூஞ்சியாப் பாத்துக்கிட்டே வந்துச்சு. இத்தன நாளும் அதுகிட்ட இருந்து எங்களுக்கு வருதுன்னுதான் நாங்க நெனச்சிருந்தோம். அது எங்ககிட்ட இருந்துதான் எடுக்குதுங்கறது எனக்கு அப்பத்தான் ஒறைச்சுது. நாங்க பல்லக் காட்டிட்டு உக்காந்திருக்கறோம், தொடை எரியுது, அத்தன பேரும் சிரிக்கறோம், வெக்கங்கெட்ட சிரிப்பு. கொழந்த கொழம்பிப் போச்சு. அதுக்கு வலிக்குது, ஆனா ஊரே சிரிக்குது. அழுகைய முழுங்கப் பாத்துச்சு. வேகாத மஞ்சக்கருவாட்டம் அந்த அழுகை எங்க தொண்டையிலயும் வந்து அடைச்சுக்கிச்சு, மேலயும் வரல கீழயும் போவல. மூச்சு முட்டுச்சு. இந்தச் சின்ன உசுரு இத்தன மாசமா இப்படித்தான் முழுங்கிட்டு இருந்துதா?

கடேசியா அது தலையத் திருப்பி அம்மாக்காரிய அண்ணாந்து பாத்துச்சு. மைனாவதி சிரிக்கல. அவளுக்குக் கண்ணு நெறைஞ்சிருந்துச்சு. கொழந்த கண்ணோட கண்ணு வெச்சு, தலைய மெல்ல ஆட்டி, "ஆமா சாமி. வலிக்குது. வலிக்குதுதான்"னா.

ஒதடு பிதுங்குச்சு. வீல்னு ஒரு அழுகை.

அய்யோ, அந்த அழுகை! முட்டை ரூமே ஒரே வாயா அழுதுச்சு, நான் அழுதேன், பழனாத்தா அழுதா, சென்னியப்பன் ஒடைஞ்ச கையப் புடிச்சுக்கிட்டு அழுதான், ஈரோட்டுல ஜவுளிக்கடையில நாத்தனாக்காரி சேலைக் குவியல்ல மூஞ்சியப் பொதைச்சுட்டு அழுதாளாம், மேஸ்திரி, எங்க நாச்சிமுத்து மேஸ்திரி, துண்டக் கடிச்சுப் பாத்து முடியாம, ஆன்னு வாயத் தொறந்து, பொண்டாட்டி செத்தப்பக்கூட அழுவாத மனுசன், அம்மான்னு கத்தி அழுதாரு. மொதல்ல ஊசி வலிக்கு அழுதோம். பொறகு அந்த வழியாவே அவங்கவங்க உள்ள கெடந்ததும் வந்துச்சு. கிலுகிலுப்பைய எடுக்க சரசு எந்திரிச்சா. "உக்காருங்க"ன்னு மைனாவதி அதட்டுனா, உக்காந்துட்டா.

அவ கொழந்தயத் தோள்ல போட்டுக்கிட்டு அங்கயும் இங்கயும் நடந்தா. அழுவாதேன்னு ஒரு தடவை கூடச் சொல்லல. "அழுவு சாமி, அம்மா இருக்கறேன், நல்லா அழுவு"ன்னுட்டே நடந்தா. கொழந்த அழுதுச்சு, அழுது தீந்துச்சு, அப்பறம் ஏங்குச்சு, ஏங்கல் ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவால நேரம் கூடிக்கிட்டே போச்சு. அப்பத்தானுங்க அது வந்துச்சு. நாங்க இத்தன மாசம் கிலுகிலுப்பை ஆட்டி ஆட்டி வர உடாமத் தடுத்தது அது. என்னைய யாரோ தூக்கி வெச்சிருக்கறாங்க, கீழ போட மாட்டாங்க, நான் எவ்வளவு அழுதாலும் போட மாட்டாங்கன்னு ஒரு நெனப்பு ஒடம்பு பூராப் பரவுச்சு. எனக்கு அம்பது தாண்டிருச்சு, மருமக எடுத்துட்டேன். என்னைய இனி யாரு தூக்குவா? ஆனா தூக்கி வெச்சிருந்தாங்க. சுத்தியும் பாத்தேன், அத்தன பேரும் அவங்கவங்க தோள்ல கன்னத்தச் சாச்சுக்கிட்டு, கண்ண மூடி உக்காந்திருந்தாங்க. லாரி டிரைவரு ரெண்டு தடவை ஆரன் அடிச்சுப் பாத்துட்டு, எட்டிப் பாத்து, மறுபடி வண்டியில ஏறி உக்காந்துக்கிட்டாரு.

நர்சம்மா பஞ்சக் குப்பையில போட்டு, ஐஸ் பெட்டிய மூடி, கெளம்ப எந்திரிச்சாங்க. மேஸ்திரி தரையிலயேதான் உக்காந்திருந்தாரு. துண்டால மூஞ்சியத் தொடச்சாரு, மூக்க உறிஞ்சுனாரு, எங்க யாரு மூஞ்சியையும் பாக்காம, கொழந்தயாட்டம் ஒரு கொரல்ல கேட்டாரு:

"ஏனுங் நர்சம்மா, அடுத்த ஊசி எப்பங்?"